சலவைக்கடை மேனேஜர்

"இருமுறீங்களா? அங்கயே நில்லுங்க. மூட்டைய மட்டும் உள்ள தள்ளுங்க."

சலவைக்கடையின் கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து, காலால் முட்டுக்கொடுத்து நிற்கிறார் மேனேஜர். வெளியே பேருந்து ஓட்டுநர், சீருடை மூட்டையோடு.

"தொண்டையத்தான்ப்பா செருமினேன்."

"அதுவும் இருமல்தான்."

மூட்டை உள்ளே வருகிறது, ஓட்டுநர் வரவில்லை. பிறகு சோப்புப் போட்டு, விரலிடுக்கு விடாமல் கை கழுவுகிறார் மேனேஜர்.

கடை அக்காவுடையது. மேனேஜர் அவளுடைய தம்பி, நாற்பதை நெருங்குகிறார். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர். பதவியை யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். துவாலை மடிப்பது அவர் இலாகா. ஓரம் ஒன்றும் வெளியே தெரியக் கூடாது. அக்கா மடித்ததைக்கூட உதறிவிட்டு மறுபடி மடிப்பார். சீட்டாட்டத்தில் ராஜாவைத் தொடைக்கடியில் ஒளித்துவைப்பார். பிடிபட்டால், "ராஜா தூங்குறாரு, எழுப்பாத" என்பார்.

தினமும் கடை திறக்குமுன் அக்கா அவர் முதுகில் காதை வைத்துக் கேட்பாள். "இழு... விடு." அம்மாவிடமிருந்து வந்த வழக்கம் அது.

பழைய வீட்டை நினைத்தால் அக்காவுக்கு முதலில் வருவது வெந்நீர் ஆவியின் வாசனைதான். அடுத்தது பஞ்சு. தம்பியின் சின்ன வயதுப் படங்கள் எல்லாவற்றிலும் காதில் பஞ்சு இருக்கும். காதுச் சீழ் ஆறினால் சளி, சளி இறங்கினால் நெஞ்சு. அவனுக்கு மூக்கு ஒழுகாத நாளில், "இன்னைக்கு எனக்கு லீவு" என்று அம்மா காலை நீட்டி உட்காருவாள். பெரியம்மா மட்டும் வரும்போதெல்லாம், "பச்சத் தண்ணில குளிப்பாட்டினா புள்ளைக்கு வேற என்னாகும்?" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போவாள். அதைக் கேட்டு அம்மா, கொளுத்தும் வெயிலிலும் அவனுக்குக் கம்பளிச் சட்டை மாட்டுவாள்.

கடைசியில் ஒரு டாக்டரம்மாதான் தாளில் காதை வரைந்து காட்டினார். "இந்தக் குழாய் இவனுக்கு ஒடுங்கிப் படுத்துக் கிடக்கும்மா. நீர் வடியாம தேங்கிடும். மூக்கு, தொண்டையிலயும் வழி குறுகல். தசை தளர்வா இருக்கறதால சளிய இருமித் தள்ளப் பலம் பத்தாது. குடிக்கறதுகூடச் சில நேரம் நெஞ்சுப் பக்கம் போயிடும். கிருமியோட சண்டை போடுற அணுக்களும் குறைச்சல். இருக்கறதும் மெதுவாத்தான் கத்துக்கும். ஊசியெல்லாம் தவறாமப் போடுங்க, மூச்சக் கவனிங்க."

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப... நான் பண்ணினது இல்லையா?"

"நீங்க இல்லம்மா. பொறப்புலயே வந்தது."

தெருவுக்கு வந்ததும் அம்மா அவனுடைய கம்பளிச் சட்டையைக் கழற்றினாள். வேர்வையில் நனைந்திருந்தது. வீடு வரும்வரை அதைக் கையில் வீசிக்கொண்டே நடந்தாள். அம்மா அப்படிக் கை வீசி நடந்ததை அக்கா அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்போது அம்மா இல்லை. போன மழைக்காலத்தில் தம்பிக்கு நிமோனியா வந்தது. பெரிதாகக் காய்ச்சல்கூட இல்லை, மூச்சின் ஓசையில்தான் அக்கா கண்டுபிடித்தாள். பிழைத்து வந்தபோது துவாலையை உதறக்கூட அவர் கையில் வலு இல்லை. அதற்குப் பிறகுதான் கதவுக் காவலையும் மேனேஜர் சேர்த்துக்கொண்டார்.

இன்று மழை பிடித்துக்கொண்டது. இஸ்திரி மேசையில் அக்கா தும்மினாள்.

மேனேஜர் திரும்பினார். "யாரு?"

"தூசிடா."

இன்னொரு தும்மல்.

"அக்கா, வெளிய."

"டேய், கடை என்னோடது!"

"நான் மேனேஜர்."

அவள் சிரித்துக்கொண்டே இஸ்திரியை அணைத்துவிட்டு, முக்காலியோடு வெளியே போனாள். கூரைக்குக் கீழே, கண்ணாடிக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. சளி நிற்கும்வரை அவன் பக்கத்தில் போக முடியாது. நாளைக் காலையில் அவன் முதுகில் காது வைக்க யார் இருக்கிறார்கள்? மழையைப் பார்த்தபடி இருந்தாள்.

உள்ளே மேனேஜர், அப்போதுதான் மடித்து முடித்த துவாலை ஒன்றை எடுத்து உதறினார். கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைத் துடைத்தார். மண்டியிட்டு, அக்காவின் முதுகு பட்டிருந்த இடத்தில் காதை அழுத்தி வைத்தார்.

"இழு," என்றார். "விடு."