கை வைக்காமல் தேடியவர்

தெய்வானை டீச்சர் போய்விட்ட செய்தியை அவர் மகள்தான் போனில் எனக்குச் சொன்னார். நான் தம்பினில் பாய் கடையில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்றார். "எங்க, மறுபடியும் சிங்கப்பூருக்கா? பேரன வளத்தது போதும்னு சொல்லும்மா" என்றேன். "இல்ல அங்கிள். காலையில ஆறு மணிக்கு" என்றார். வாயில் இருந்த ரொட்டியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எண்பது வயது தாண்டியும் என் வாய் என்னை முந்திக்கொண்டுதான் ஓடுகிறது.

பதினாறாம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். "அம்மா மொதமொத வந்த தோட்டத்துல மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான் லா. சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் எழுதிக் குடுங்க அங்கிள்" என்று கேட்டார். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். டீச்சரிடம் படித்தவர்கள் இதைப் படிப்பீர்கள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் சிரிப்பு பாதி வழி வரைக்கும்தான் வரும். அதற்குமேல் வராது.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளைப் பிடிக்கப் போட்ட எமர்ஜென்சி காலம். தம்பினுக்கும் கெமாஸுக்கும் நடுவே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களை, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். அந்த வேலிக்குள்ளேதான் தோட்டத்து லாரியிலிருந்து தகரப்பெட்டியோடு டீச்சர் வந்து இறங்கினார். பத்தொன்பது வயது. ஊரில் எட்டாவது வரை படித்தவர். இந்தியாவிலிருந்து கப்பலேறித் தன் அக்கா வீட்டுக்கு வந்தார். அக்காள் கணவர்தான் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார். படித்த பெண் என்று கேட்டதும் மானேஜர் துரை, சின்னப் பிள்ளைகளுக்கு உதவி டீச்சராகப் போட்டுவிட்டார்.

இறங்கியதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ரப்பர் ஷீட்டைப் புகை போடும் வாடை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். சும்மா இருப்பேனா? "ஒரு மாசத்துல பழகிடும் டீச்சர். அப்பறம் ஊருக்குத் திரும்பிப் போனீங்கன்னா அங்கதான் நாறும்" என்றேன். முந்தானையை எடுக்காமலே சொன்னார்: "அப்ப ஒங்களுக்கு எங்க போனாலும் நாத்தம் தெரியாதுன்னு சொல்லுங்க." தோட்டத்தில் எனக்குப் பதில் கொடுத்த முதல் பெண்பிள்ளை அவர்தான். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துப் பக்கம் போனாலே நான் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் போவேன்.

பள்ளிக்கூடம் ஒரே கொட்டகை. அந்தக் கோடியில் பெரிய வாத்தியார், இந்தக் கோடியில் இவர். விடியலிலேயே எழுந்து தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் வகுப்பில் சாய்ந்து தூங்கும். பெரிய வாத்தியார் பிரம்போடு வந்தால் இவர் குறுக்கே நிற்பார். "தூங்கட்டும் மாமா. முழிச்சதும் சொல்லிக் குடுக்கறேன். கணக்கு எங்க ஓடிடப் போவுது?" உங்களிடமும் இதைச் சொல்லியிருப்பார்.

மூன்றாவது மாதம் அவருக்கு இன்னொரு வேலை வந்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று, ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கப் போகிறவர்கள் வேலிக்கு வெளியே ஒரு பருக்கைகூடக் கொண்டுபோகக் கூடாது. சீனி போட்ட தேத்தண்ணியும் கூடாது. மாட்டினால் ஜெயில். கேட்டில் ஆண்களைக் காவல்காரர்கள் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைத் தடவ ஒரு பெண் வேண்டும். துரை டீச்சரைக் கைகாட்டிவிட்டார். மாட்டேன் என்று அழுதாராம். "நீ மாட்டேன்னா ஒன் வேலையோட என் வேலையும் சேந்து போவும்" என்று பெரிய வாத்தியார் சொல்லிவிட்டார்.

விடியலில் கேட்டுக்குப் பக்கத்தில், சாக்குப் படுதாவுக்குப் பின்னால் நின்று, தன்னிடம் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களை அவர் தடவித் தேட வேண்டும். கொண்டை, மடி, தலைத்துணி எல்லாம். முதல் வாரம் சொன்னபடி செய்தார். வரிசையில் நின்ற ஒருத்தி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "காலையில ஆத்தாளத் தடவுற கை, எட்டு மணிக்குப் புள்ளைக்கு ஆனா போடக் கத்துக்குடுக்குதாம்!" அன்றைக்குப் பாதி வகுப்பு காலி. வழியில் பார்த்தால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கிணற்றடியில் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

என் மனைவி முனியம்மாவுக்கு அப்போது ஆறு மாதம். தலைப்பிள்ளை. வெறும் வயிற்றோடு போய் மரம் சீவினால் பத்து மணிக்குத் தலை சுற்றும். ஒரு பிடி சோற்றை வாழையிலையில் உருட்டி அடிவயிற்றில் கட்டிக்கொண்டு போனாள். டீச்சர் கை அங்கே வந்து நின்றது. படுதாவுக்கு அந்தப் பக்கம் காவல்காரன் இருந்தான்.

"எத்தன மாசம்?"

"ஆறு டீச்சர்."

"பாத்துப் போங்க."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவர் கை யார் மேலும் படவில்லை. ஒரு விரல் இடைவெளி விட்டு மேலிருந்து கீழே போகும், வரும். பெண்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வாரக் கடைசியில் டீச்சர் வீட்டு வாசலில் மரவள்ளிக் கிழங்கு இருந்தது. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். கிணற்றடியில் வாளியை வாங்கி இறைத்துக் கொடுத்தார்கள். அப்போது அவர் முனியம்மாவிடம் சொன்னாராம்: "இன்னைக்குத்தான் அக்கா, நான் கப்பல்ல இருந்து எறங்குன மாதிரி இருக்கு."

இது அத்தனையும் முனியம்மா என்னிடம் வீட்டில் சொன்னது. "யார்கிட்டயும் ஒளறாதே" என்று தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

ஏழாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்கு வளைகாப்பு. உள்ளே பெண்கள் வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள், டீச்சரும் இருந்தார். வெளியே ஆண்கள். எங்களை வேலை வாங்கும் மண்டோரும் வந்திருந்தான். கொஞ்சம் கள்ளும் உள்ளே போயிருந்தது. "ஏதாச்சும் செஞ்சு காட்டுறா" என்றார்கள். நான் துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டேன். கூட்டாளி ஒருவன் சட்டைக்குள் ஒரு முழுப் பூசணிக்காயைத் திணித்து அவனை முன்னால் நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு, தீபத்தை ஒற்றிக்கொள்கிற மாதிரி கையை அவன் மேல் படாமல் ஆட்டினேன். பூசணிக்காய் கிட்ட வந்ததும், "எத்தன மாசம்? பாத்துப் போங்க!" என்றேன். சிரிப்பு லயம் முழுக்கக் கேட்டது. மண்டோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தரம் செய்யச் சொன்னான். செய்தேன்.

புதன்கிழமை விடியலில் மழை, மரம் சீவல் இல்லை, எல்லாரும் லயத்தில்தான் இருந்தோம். போலீஸ் ஜீப் வந்தது. வகுப்பு நடுவிலிருந்தே டீச்சரை அழைத்துக்கொண்டு போனார்கள். கரும்பலகையில் இருந்ததைப் பிள்ளைகள் மத்தியானம் வரை திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்களாம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

முனியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "நான் போயி சொல்றேன். அந்தச் சோறு நான் திங்கக் கொண்டுபோனதுன்னு சொல்றேன்."

"போனா புள்ள ஜெயில்லதான் பொறக்கும்டி."

"ஒன் வாய்க்கு அந்தப் பொண்ணு போவணுமா?"

நான் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றேன். ஜீப் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. அவள் என்னோடு பேசப் பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.

மூன்று வாரம் வைத்து விசாரித்தார்கள். யார் யாரை விட்டாய், பெயரைச் சொல், இல்லாவிட்டால் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்புவோம் என்றார்களாம். அவர் சொன்ன பதிலைப் பெரிய வாத்தியார் வந்து சொன்னார்: "நான் யாரையும் தொடல. தொடாததால யார்கிட்ட என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது." குற்றம் எல்லாம் தன்மேல், பெயர் ஒன்றும் இல்லை. ஒன்றும் கிடைக்காமல் விட்டார்கள். தோட்டத்துக்குள் மட்டும் கால் வைக்கக் கூடாது. அக்காவைப் பார்க்கக்கூட வர முடியாது.

"காட்டுக்குச் சோறு அனுப்புனவ" என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போய்விட்டது. இரண்டு வருஷம் எந்தப் பள்ளிக்கூடமும் சேர்க்கவில்லை. தையல் தைத்தார். பிறகுதான் கெமாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் இடம் கிடைத்து, உங்களுக்கெல்லாம் டீச்சர் ஆனார். அங்கேயும் அந்தப் பேச்சு நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களில் சிலர் அதைப் பெருமையாகக்கூடச் சொல்கிறீர்கள், போராளி என்று. அவர் ஒரு நாளும் ஆமாம் என்றதில்லை, இல்லை என்றதும் இல்லை. இல்லை என்றால், பிறகு அது யார் சோறு என்று கேட்பார்களே.

நடுவில் எத்தனையோ கல்யாணத்தில் பார்த்துக்கொண்டோம். நான் கேலி பேசுவேன், அவர் திருப்பிக் கொடுப்பார். அது ஒன்றை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் முனியம்மா இறந்தபோது வந்தார். எல்லாரும் போன பிறகு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"டீச்சர், அன்னைக்கு வளைகாப்புல..."

"தெரியும். ஜன்னல் பக்கம்தான் ஒக்காந்திருந்தேன். நல்லாத்தான் செஞ்சீங்க. நானும் சிரிச்சேன்."

"என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சேன்னு சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கே அதையும் எவன்கிட்டயாவது நடிச்சுக் காட்டுவீங்க." அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆட்டம் பரவால்ல. வெளயாட்டுக்குச் செஞ்சது. ஆனா ஜீப்புல போறப்ப ஒங்க வீட்டப் பாத்தேன். பட்டப்பகல்ல கதவு சாத்தியிருந்துச்சு." காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கே இதை எல்லாருக்கும் சொல்லியிருக்கலாம். முனியம்மா இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை. நாலு வருஷம் தள்ளிப்போட்டேன். டீச்சர் தம் காதால் கேட்க முடியாத இடத்துக்குப் போன பிறகு எழுதுகிறேன். என் லட்சணம் இதுதான்.

அதனால் தெரிந்துகொள்ளுங்கள். தெய்வானை டீச்சர் காட்டுக்கு ஒரு பருக்கை அனுப்பியதில்லை. வாயும் வயிறுமாக இருந்த ஒருத்தியைப் பார்த்துப் போகச் சொன்னார். அவள் என் மனைவி. அதை ஊருக்குக் காட்டிக்கொடுத்தவன் நான். அந்தச் சோற்றில் வளர்ந்து பிறந்த என் மகனுக்கு இப்போது அறுபது வயது. அவனுக்கும் இந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் தெரியப்போகிறது.

மன்னிப்பு கிடைக்காதவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். டீச்சர் எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். அதையாவது கேலி செய்யாமல் வைத்திருப்பேன்.