ஹந்தானை மலையில் ஆண்டவர் தந்த பதில்

என் கணவர் என்னை மறந்துபோன வருடத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். ஆண்டவருக்கு நன்றி சொல்லி ஆரம்பிப்பதுதான் முறை என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு என் வாயில் நன்றி வரவில்லை, சண்டைதான் வந்தது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஞானம்மா. கண்டியில், ஹந்தானை மலையின் அடிவாரத்தில் குடியிருக்கிறேன். என் கணவர் சவரிமுத்து எண்பத்தாறு வயது வரை வாழ்ந்தார். கடைசி மூன்று வருடங்கள் அவருக்கு மறதி நோய். முதலில் கடைக்குப் போன வழியை மறந்தார். பிறகு பிள்ளைகளின் பெயர்கள் போயின, தன் பெயரும் போனது. போன வருடத்துக்கு முந்திய வருடத் தவக்காலத்தில் ஒரு காலை, தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டு, "நீங்க எந்த வீட்டு அம்மா?" என்று கேட்டார்.

ஐம்பது வருடத்துக்கு மேல் என்னோடு குடும்பம் நடத்தியவர் கேட்கிற கேள்வியா அது? அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். மகள் கனடாவில், மகன் கொழும்பில். "அப்பா எப்படிம்மா?" என்று போனில் கேட்பார்கள். "நல்லா இருக்காரு" என்பேன். வீட்டில் ஆள் இல்லாவிட்டால்தான் தனிமை என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வருகிற தனிமை அதைவிடக் கொடியது.

அவர் எப்படிப்பட்ட மனிதர் என்றும் சொல்ல வேண்டும். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையாக இருந்தார். வாரம் முழுவதும் மலையில் ஏறி இறங்குவது சம்பளத்துக்கு. ஞாயிறு பூசை முடிந்ததும் மறுபடியும் மலைக்குப் போவது சொந்த ஆசைக்கு. அவர் மட்டும் போனால் பரவாயில்லை, குடும்பத்தையே கிளப்புவார். சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போக வேண்டும். எல்லோர் காலிலும் அட்டை. நான் முறைத்தால், "அதுக்கும் இன்னைக்கு ஞாயித்துக்கெழம தானே புள்ள, சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்பார். ஓடையில் மீன் பிடித்து, கல் அடுப்பு மூட்டி, அவரே பொரித்து முதல் துண்டை எனக்குத்தான் தருவார். மகளுக்குக் காய்ச்சல் கண்டு, மழையில் பஸ்ஸும் ஓடாத ஒரு நாள், அவளைத் தார்ப்பாய்ப் படங்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருப்பார். காடும் நாங்களும்தான் அவருக்கு உலகம்.

வீடு திரும்பும்போது தூரத்திலிருந்தே 'ஹூ' என்று நீட்டிக் கூவுவார். மலையில் ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்கு ஆளைக் கூப்பிடுவது அப்படித்தான். பெயரைச் சொன்னால் காற்று தின்றுவிடும், ஹூ போய்ச் சேரும். ஓய்வு பெற்றுக் கண்டிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கீழ் வளைவிலிருந்து கூவுவார், தெருநாய்கள்தான் பதில் கொடுக்கும். நான் கேத்தலை அடுப்பில் வைப்பேன். நோய் வந்ததும் அதுவும் நின்றுபோனது.

அந்தத் தவக்காலத்திலேயே ஒரு செவ்வாய்க்கிழமை, துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால் அவர் உட்காரும் கதிரை காலியாக இருந்தது. கேட் திறந்து கிடந்தது. தொப்பியும் கைத்தடியும் இல்லை. பக்கத்து வீட்டு நிமலிடம் ஓடினேன். ஆட்டோ ஓட்டும் சிங்களவர், எங்களோடு தமிழில்தான் பேசுவார். கடை, பஸ் நிற்குமிடம், கோயில் எல்லாம் பார்த்தோம். கடைசியில், விறகு சுமந்து இறங்கி வந்த ஒரு பெண், "தொப்பி போட்ட தாத்தாவா? பைன் காட்டுப் பக்கமா ஏறிப் போனாரே" என்றாள்.

மத்தியானம் தாண்டிவிட்டது. பின்னேரமானால் இடி மழை கொட்டும் காலம். மேலே பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது.

"அம்மா, நீங்க இங்கேயே இருங்க, நாங்க பாக்குறோம்" என்றார் நிமல். எப்படி இருப்பது? நிமலும் அக்கம்பக்கத்து ஆட்களும் "சவரிமுத்து ஐயா!" என்று கூப்பிட்டபடி ஒரு பக்கம் போனார்கள். நான் முழங்கால் வலியோடு இன்னொரு பக்கம் ஏறினேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் சத்தம் கேட்கவில்லை. பனி வந்து மூடியது. இடுப்பளவு மானாப் புல்லுக்குள் எது பாதை, எது சரிவு என்றே தெரியவில்லை. அவரைத் தேடிப் போன நானும் தொலைந்து நின்றேன்.

ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மூக்குக்கண்ணாடி தொலைந்தால் அந்தோனியார், சாவி தொலைந்தால் அந்தோனியார் என்று புனிதரிடம் வேண்டிக்கொண்டு இருந்தவள் நான். அன்று அந்தப் புனிதரைத் தொந்தரவு செய்யவில்லை, நேரே ஆண்டவரிடமே சண்டைக்குப் போனேன். "அவரு புத்திய எடுத்தீரு. என் பேர எடுத்தீரு. நான் ஒண்ணும் சொல்லல. இப்ப ஆளையும் எடுக்கப் பாக்குறீரா? இந்தக் குளிர்ல அவரு தனியாச் சாகக் கூடாது சாமி. என்னைத் தெரியாட்டியும் பரவால்ல, எனக்கு அவரு வேணும்." அழுது முடித்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

அப்போது மனதில் ஒன்று பட்டது. தற்செயல் என்று யாராவது சொல்லலாம், நான் சொல்ல மாட்டேன். தன் பெயரே நினைவில்லாத மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி வருவார்? எழுந்து நின்று, என் வாழ்நாளில் முதல்முறையாக, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி 'ஹூ' என்று கூவினேன். கிழவியின் குரல், பாதியில் உடைந்தது. மறுபடியும் கூவினேன்.

சரிவுப் பக்கமிருந்து பதில் வந்தது. நீட்டி, கடைசியில் மேலே ஏற்றி. அவரேதான். நான் கூவக் கூவ அந்தக் குரல் கிட்டே வந்தது.

புல்லை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். தொப்பி நனைந்திருந்தது, முழங்கையில் சிராய்ப்பு. முகத்தில் மட்டும் பழைய கணக்கப்பிள்ளையின் தெளிவு. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்து, "பயப்படாதீங்கம்மா. வழி தவறிட்டீங்களா?" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"பனி மூடுனா இப்படித்தான் ஆகும். கைய விடாம வாங்க, ரோட்டுல கொண்டுபோய் விட்டுர்றேன். ஆனா சுருக்கா போகணும். வீட்டுல என் சம்சாரம் ஞானம் தனியா இருக்கா. நான் வரலைன்னா வாசல்லயே நிப்பா."

கைத்தடியால் தரையைத் தட்டிப் பார்த்து, வழுக்கும் இடத்தில் நின்று, "இங்க கால வைங்க" என்று சொல்லிச் சொல்லி என்னை இறக்கினார். நான் அழுதுகொண்டே பின்னால் போனேன். மழை தூறத் தொடங்கியபோது ரோட்டுக்கு வந்துவிட்டோம். நிமல் எங்களைக் கண்டு ஓடி வந்தார். என் கணவர் அவரிடம், "தம்பி, இந்தம்மா பாவம், வழி தெரியாம நின்னாங்க. வீட்டுல சேத்துடுங்க" என்றார்.

அவரைத் திருப்பித் தரும்படி கேட்டேன். ஆண்டவர் அவரை என்னைத் தேடி அனுப்பி வைத்தார். என் முகம் மட்டும்தான் அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. தனக்காக ஒருத்தி காத்திருக்கிறாள் என்பது உள்ளே அப்படியே இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள நான் மலையேற வேண்டியிருந்தது.

தினமும் காலையில் "நான் யாருன்னு தெரியுதா?" என்று அவருக்குப் பரீட்சை வைப்பேன். அன்றோடு அதை விட்டேன். "உங்க சம்சாரம் எப்படி?" என்று கேட்க ஆரம்பித்தேன். முகம் மலர்ந்துவிடும். "கோவக்காரி. ஆனா அவ இல்லாட்டி நான் மனுசனாவே இருந்திருக்க மாட்டேன்" என்பார். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது என் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பாரா! யாரோ ஒரு அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். நானும் யாரோ மாதிரி உட்கார்ந்து கேட்டேன். ஆண்டவரே, உமக்கு நன்றி. கேட்டது ஒன்று, தந்தது அதைவிட அதிகம்.

போன ஆவணியில், பகல் வெளிச்சத்தில், தன் கட்டிலில், என் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடினார். அவர் தனியாகச் சாகவில்லை.

இப்போது வீடு வெறிச்சென்று கிடக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். செபமாலை சொல்லும்போது பாதியை நானும் மீதியை அவரும் சொல்வது வழக்கம். என் முகத்தை மறந்த பிறகும் அந்த மீதியை அவர் மறக்கவில்லை. இன்று இரண்டையும் நானே சொல்கிறேன். சில நாள் அவருடைய பாதி வந்ததும் நிறுத்திவிடுவேன், பிறகு தொடர்வேன். எங்கள் கோயில் பங்கில் இதே நோயுள்ள வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன்.

உங்களைத் தெரியாமல் பார்க்கிற ஒரு முகம் உங்கள் வீட்டிலும் இருந்தால், சண்டை போட்டாவது ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், பதில் தருவார்.

கண்ணை மூடுவதற்கு முந்திய நாள் என் கணவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "அம்மா, ஒரு உதவி செய்றீங்களா? எங்க வீட்டுப் பக்கம் போனா ஞானத்துகிட்ட சொல்லிடுங்க. நான் முன்னால போய் பாதையப் பாத்து வைக்கிறேன். அவ மெதுவா வரட்டும்."

"சொல்றேங்க" என்றேன். சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.