அரை அடி குறைந்த கோடு

எங்கள் கல்லூரி நூலகத்தின் ஜன்னலைத் திறந்தால் நேரே கூடைப்பந்துத் தளம். இருபத்தெட்டு வருஷமாக அந்தத் தடதட சத்தத்துக்கு நடுவில்தான் புத்தகங்களுக்கு எண் ஒட்டியிருக்கிறேன். ஆட்டத்தின் மேல் எனக்கு எந்தப் பிரியமும் கிடையாது. இருந்தும் கல்லூரி ஆண்டு மலருக்குப் பெண்கள் அணியின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நூலகர் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று ஓர் எண்ணம் இங்கே எல்லாருக்கும் உண்டு.

வரலாறு எழுதப் போன இடத்தில் ஒரு மனிதர் என் கண்ணெதிரே ஆடிப்போனதைப் பார்த்தேன்.

அவரை மார்க்கர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். தளத்தில் கோடு போடுவது, வலை மாட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, மழை விட்டதும் தண்ணீரைத் தள்ளுவது எல்லாம் அவர் வேலை. அணி ஜெயித்தால் அன்றைக்கு அவர் நடையே வேறு. தோற்றால் கிட்டே போக முடியாது, எரிந்து விழுவார். கல்யாண மேடையில் உட்கார்ந்துகொண்டே, "மேட்ச் என்னாச்சு?" என்று நண்பனிடம் விசாரித்தவர் என்று அவர் மனைவி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

அவருடைய அக்கா மகள்தான் இப்போது அணியின் கேப்டன். பள்ளியில் படிக்கும்போதே மாமா வீட்டுக்கு வந்துவிட்டவள். அப்போதிருந்து தினமும் சாயங்காலம் அவள் பந்தைப் போடுவாள், இவர் வளையத்துக்கு அடியில் நின்று எடுத்துத் திருப்பிப் போடுவார். கல்லூரியில் அவளுக்குச் சீட்டுக் கிடைத்ததே இந்த ஆட்டத்தால்தான்.

அணியின் கதையில் ஒரு விசித்திரம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பழைய சிமெண்ட் தரையைப் பெயர்த்துப் புதுத் தரை போட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் தளத்தில் எந்தக் கல்லூரியும் எங்களை ஜெயித்ததில்லை. வெளியே போனால் மட்டும் கடைசி நேரத்தில் கோட்டைவிட்டுத் திரும்புவார்கள். கண் பட்டுவிட்டது என்றார்கள். மனதில் தைரியம் போதவில்லை என்றார் கோச். அதற்கு மருந்தாக ஆளுக்குத் தினம் நூறு ஃப்ரீ த்ரோ போட வைத்தார். எதிரணி தவறு செய்தால், யாரும் மறிக்காமல் ஒரு கோட்டில் நின்று நிதானமாகப் பந்தைப் போடக் கிடைக்கிற வாய்ப்புதான் ஃப்ரீ த்ரோ. வளையத்துக்குப் பின்னால் இருக்கும் பலகையிலிருந்து அந்தக் கோடு சரியாகப் பதினைந்து அடியில் இருக்க வேண்டும்.

இந்த வேலை என்னிடம் வந்த சமயத்தில்தான் வேறொரு கல்லூரித் தளத்தில் இறுதி ஆட்டம். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம், சில நொடிகள்தான் பாக்கி, கேப்டனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் வளையத்தின் முன் விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தன.

எதிரணிக் கேப்டன் அவளுடைய பள்ளித் தோழி. அது போதாதா? வேண்டுமென்றே விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பி முதல்வர் காது வரைக்கும் போயிற்று. மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை விசாரணை வைத்தார்கள். அணியிலிருந்து நீக்கினால் சீட்டும் போய்விடும், படிப்பும் பாதியில் நின்றுவிடும்.

அந்தப் பேச்சை முழுசாக நம்பியவர் அவளுடைய மாமாதான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம், "என் தளத்துல பத்துக்கு ஒம்பது போடறவ, அங்க மட்டும் எப்படி ரெண்டையும் விடுவே? சிநேகிதிதான் பெருசுன்னா பந்தை ஏன் தொடறே?" என்று கேட்டிருக்கிறார். அதோடு பேச்சை நிறுத்தியவர்தான். ஒரே வீட்டில் இருபத்தொரு நாள் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

விசாரணைக்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் பழைய ஸ்கோர் தாள்களைக் கூட்டி முடித்தேன். ஜன்னலுக்கு வெளியே மார்க்கர் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தார். சும்மா அவரைச் சீண்டத்தான் வாயைத் திறந்தேன்.

"என்ன மார்க்கரே, நம்ம தளத்துக்கு வர்ற டீமுக்கெல்லாம் ஃப்ரீ த்ரோவுல கை விளங்காமப் போயிடுது. நம்ம பொண்ணுங்களுக்கு வெளியே போனா விளங்கல. அந்தக் கோட்டுல ஏதாவது மருந்து வச்சிருக்கீங்களா?"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"எப்போலேர்ந்து மேடம்?"

"புதுத் தரை போட்டதுலேர்ந்து. அதுக்கு முன்னால இப்படி இல்ல."

பெயிண்ட் டப்பாவை அப்படியே வைத்துவிட்டுச் சாமான் அறைக்கு ஓடினார். கையில் ஒரு மரச்சட்டத்தோடும் பழைய டேப்போடும் வந்தார். அந்த டேப்பின் முனையில் அரை அடி எப்போதோ பிய்ந்துபோயிருந்தது. அதனால் எதை அளந்தாலும் அரை அடி கூட்டிக்கொள்வது அவர் வழக்கம். பதினைந்து வேண்டுமென்றால் பதினைந்தரையில் குறி வைப்பார். புது டேப் வாங்கித் தருகிறோம் என்றால், "இது என் கைக்குப் பழகினது" என்று மறுத்துவிடுவார்.

புத்தக அலமாரி அளக்க நான் வைத்திருந்த டேப்பைக் கேட்டு வாங்கினார். பலகையிலிருந்து ஓர் இரும்பு நட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு நேர் கீழே என்னை முனையைப் பிடிக்கச் சொன்னார். மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் பதினாலரை.

அவர் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"மத்த கோடெல்லாம் கான்ட்ராக்டர் ஆளுங்க போட்டாங்க மேடம். இதை மட்டும் யாரும் தொடக் கூடாது, நான்தான் போடுவேன்னு சண்டை போட்டேன். திறப்பு விழாவுக்கு விருந்தாளிங்க வந்துட்டாங்கன்னு முதல்வர் அவசரப்படுத்தினாரு. அந்த அரை அடியைக் கூட்ட மறந்திருக்கேன். அந்த அளவுல சரி பாதிக்கு இந்தச் சட்டத்தையும் அறுத்து வச்சேன். வருஷா வருஷம் இதை ரெண்டு தடவை வச்சுத்தான் கோடு போடறேன்."

நூறு நூறாகப் போட்டுப் பழகியதெல்லாம் தப்பைத்தான். உழைக்க உழைக்க அந்தப் பெண்களின் குறி கெட்டுப்போயிருக்கிறது. எல்லாரையும்விட அதிகம் உழைத்தவள் கேப்டன்.

திங்கட்கிழமை விசாரணைக்குக் கணக்குத் தாள்களோடு நானும் போயிருந்தேன். முதல்வர் பேச ஆரம்பித்ததும் மார்க்கர் கூப்பிடாமலே உள்ளே வந்து, மரச்சட்டத்தை மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னார். கேப்டன் அந்தச் சட்டத்தையே வெறித்துப் பார்த்தாள். கோச், "தினம் நூறு போட வச்சேனே" என்று மட்டும் சொன்னார்.

முதல்வர்தான் முதலில் சுதாரித்தார். "இது வெளியே தெரிஞ்சா ஆறு வருஷ வெற்றியும் போயிடும். ராவோட ராவா கோட்டை மாத்திடுங்க. பொண்ணு விஷயத்தை அப்புறம் பார்க்கலாம்."

"மாத்த மாட்டேன் சார்," என்றார் மார்க்கர். "வெளியேர்ந்து ஆளு வந்து அளக்கட்டும். தப்பு யாருதுன்னு நாலு பேருக்குத் தெரியணும். அதுவரைக்கும் கோடு அங்கயே இருக்கட்டும்."

முதல்வர் என்னைப் பார்த்தார். "நேத்தே கூடைப்பந்துச் சங்கத்துக்குக் கடிதம் எழுதிட்டேன் சார்" என்றேன். எழுதியிருக்கவில்லை. அறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக உட்கார்ந்து எழுதினேன்.

சங்கத்திலிருந்து ஆட்கள் வந்து அளந்தார்கள். எங்கள் தளத்தில் ஜெயித்த ஆட்டங்கள் எல்லாம் ரத்தாயின. மார்க்கருக்கு இரண்டு மாத இடைநீக்கம். கேப்டன் மேல் இருந்த புகாரை மட்டும் கிழித்துப் போட்டார்கள். நான் எழுதிய வரலாற்றில் ஆறு வருஷத்தை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

இடைநீக்கம் தொடங்குவதற்கு முந்தின சாயங்காலம் அவர் கோட்டை அழித்துச் சரியான இடத்தில் போட்டார். டேப்பின் முனையை நான்தான் பிடித்துக்கொண்டேன். பெயிண்ட் காய்ந்ததும் கேப்டன் பந்தோடு வந்தாள்.

"என்னை மன்னிச்சிடும்மா," என்றார் மார்க்கர். "கோட்டைத் தப்பாப் போட்டுட்டேன்."

"கோட்டைத் தப்பாப் போட்டதுக்கு எனக்குக் கோவமே இல்ல மாமா. மறதி யாருக்கும் வரும். இருவத்தொரு நாள் என்கூடப் பேசலையே, என்னை எதை வச்சு அளந்தீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். அவ்வளவு பெரிய மனிதர் தளத்தின் நடுவில் தேம்பித் தேம்பி அழுததைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. டேப்பைச் சுருட்டுவது மாதிரி குனிந்துகொண்டேன்.

அவள் புதுக் கோட்டில் போய் நின்று பந்தைப் போட்டாள். வளையத்தின் முன் விளிம்பில் பட்டுக் கீழே விழுந்து உருண்டது. கை அந்தப் பழைய கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தது.

"மாமா," என்றாள். "வளையத்துக்கு அடியில வந்து நில்லுங்க. யாரு எடுத்துப் போடறது?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் நின்றார். இரண்டாவதும் வளையத்துக்குள் விழவில்லை, மூன்றாவதும் விழவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் ஓடிப்போய்ப் பந்தை எடுத்து அவள் கையில் சேருகிற மாதிரி போட்டுக்கொண்டிருந்தார்.