என் கழுத்துக்கு வந்து சேர்ந்த இரண்டு டிஸ்க்குகள்

அம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். நான் கிணத்துக்கடவு பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். வயது நாற்பத்தெட்டு. எனக்கு நடந்ததை ஒளிக்காமல் சொல்வதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். இதில் எனக்குப் பெருமை தரும் விஷயம் அதிகமில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

போன வருடம் மாசியில் இடது கை மரத்துப்போக ஆரம்பித்தது. தோப்பில் மரம் ஏறுகிறவர்களுக்கு எந்தக் குலை முற்றியிருக்கிறது என்று கீழே நின்று காட்டுவது என் வேலை. பாதி நாள் அண்ணாந்தே நிற்க வேண்டும். அந்த வலிதான் என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டேன். சித்திரையில் ஜாக்கெட் கொக்கி மாட்ட விரல் வரவில்லை. நடந்தால், ஓரிடத்தில் வைக்க நினைத்த கால் வேறிடத்தில் விழுந்தது. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகள் லீவு போட்டு வந்து, என்னைப் பிடித்த பிடியில் ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனாள்.

கழுத்தெலும்புகளுக்கு நடுவே இரண்டு டிஸ்க் பிதுங்கி, தண்டுவடத்தை அழுத்துகிறது என்றார் டாக்டர். இரண்டையும் எடுத்துவிட்டுச் செயற்கை டிஸ்க் வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கை கால் விழுந்துவிடும் என்றார். கழுத்தின் முன்பக்கம் கீறித்தான் உள்ளே போவார்களாம். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவானாலும் குலதெய்வத்திடம் பூவாக்கு கேட்போம். பூசாரி அம்மன் சிலையின் இரண்டு பக்கமும் பூ வைப்பார். நாம் மனதில் ஒன்றை நினைத்து நிற்க வேண்டும். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் அம்மன் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை. வீட்டுக்காரர் வெளியே பொங்கல் பானைக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நின்று, ஆபரேஷன் இல்லாமலே குணமாகுமா என்று கேட்டேன். இடது பூ விழுந்தது.

"காத்துக்கு விழுந்துருச்சுங்க. இன்னொருக்கா வெச்சுப் பாருங்க" என்றேன் பூசாரியிடம்.

மறுபடியும் இடதுதான். மூன்றாவது முறை வைக்கச் சொன்னேன். பூசாரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வைத்தார். வலது பூ விழுந்தது. வெளியே ஓடி வந்து, "அம்மன் வலப் பூ குடுத்துப்போட்டாங்க, ஆபரேஷன் வேண்டாமுங்க" என்று சொன்னேன். முதல் இரண்டையும் முழுங்கிவிட்டேன். மகள் அழுதாள், கெஞ்சினாள். ஆனால் அம்மன் சொன்ன பிறகு எங்கள் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் பொய் சொன்னேன்.

ஆடியில் வாய்க்கால் வரப்பில் விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. நான் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வியாழக்கிழமை ஆபரேஷன், இனி ஒரு வாரம்கூடத் தாங்காது என்றார். அதற்குள் இன்னொரு இடி. என் எலும்பு சின்னதாம். அதற்குப் பொருந்தும் சின்ன அளவு டிஸ்க் கையிருப்பில் இல்லை. கம்பெனியில் சொல்லி வரவழைக்கிறார்களாம், வந்து சேர அடுத்த வாரம் ஆகலாம். வியாழன் காலைக்குள் வராவிட்டால் தகடு வைத்து எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். அதுவும் நல்ல வைத்தியம்தான், ஆனால் கழுத்தைத் திருப்புவதும் அண்ணாந்து பார்ப்பதும் முன்போல இருக்காது என்றார். சித்திரையில் வந்திருந்தால் அந்த டிஸ்க்குக்காக ஒரு வாரம் நிதானமாகக் காத்திருந்திருக்கலாம். அந்த அவகாசத்தை நானே தின்றுவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் எனக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். என் கையால் ஸ்பூன் பிடிக்க முடியவில்லை. அந்த மனுஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் மறைக்க மனசு வரவில்லை. பூ விழுந்த கதை முழுவதையும் சொல்லிவிட்டேன்.

அவர் சாதத்தைக் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு, "எனக்குத் தெரியும் கண்ணு. பூசாரி அன்னிக்கே சொல்லிப்போட்டாரு" என்றார்.

"அப்பறம் ஏனுங்க எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல?"

"எனக்கும் பயந்தான். கழுத்துல கத்தி வெச்சு உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா? நீ பொய் சொன்னது எனக்கும் தோதாப் போச்சு."

இரண்டு பேரும் அழுதோம். மரத்துப்போன என் கையை அவர் பிடித்துக்கொள்ள, அங்கேயே வேண்டினோம். நான் தேங்காய் வியாபாரியிடம் பேரம் பேசுவது போலத்தான் அம்மனிடமும் பேசிப் பழகியவள். அன்றுதான் பேரம் பேசாமல் கேட்டேன். "தாயே, டிஸ்க் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நீ சொல்றத இனி மாத்த மாட்டேன். என்னைக் கைவிட்டுறாத."

மகளுக்கும் போன் போட்டுச் சொன்னேன். "இப்பவாச்சும் சொன்னியேம்மா" என்றாள்.

வியாழன் காலை டாக்டரே வந்தார். "வந்துருச்சுங்கம்மா" என்றார். வேறொரு ஊரில் ஒருவருக்கு அனுப்பிய பெட்டியில் எல்லா அளவும் இருந்ததாம். அவருக்குப் பெரிய அளவு பொருந்த, சின்ன அளவுகள் பிரிக்காமல் மிச்சமாகித் திரும்பியிருக்கின்றன. எனக்கு வேண்டிய இரண்டும் அதில் இருந்தன. எப்போதுங்க திருப்பினாங்க என்று வீட்டுக்காரர் கேட்டார். நேற்று மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் என்றார் டாக்டர். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் எனக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. வீடு அமைதியாக இருந்தது என்று இன்றுவரை கேலி செய்கிறார்கள். கால் நேரானது. விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரத்துக் கிடக்கிறது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. தையிலிருந்து தோப்புக்குப் போகிறேன். அந்தத் தாய்க்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

போன வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு பெண் என் நம்பரை யாரிடமோ வாங்கிப் பேசினார். இதே கழுத்து, இதே கை மரப்பு, டாக்டர் இதே ஆபரேஷன் சொல்லியிருக்கிறார். "சாமிகிட்டக் கேட்டுப்போட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கறனுங்க" என்றார்.

"தாராளமாக் கேளுங்க அம்மணி. அவ கைவிட மாட்டா" என்றேன். "ஆனா ஒரே ஒருக்காக் கேளுங்க. என்ன பதில் வந்தாலும் ஊட்டுல அப்படியே சொல்லிப்போடுங்க."

"ஏனுங்க, ஆஸ்பத்திரிக்கு நீங்களும் கூட வாரீங்களா?" என்று கேட்டார். திங்கட்கிழமை போகிறோம். அவர் பெயரைச் சொல்லாவிட்டாலும் அம்மனுக்குத் தெரியும், நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.