கலண்டரில் இல்லாத பெருநாள்

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தில் கிணற்று நீரைச் சோதிக்கும் வேலை எனக்கு. நோன்பின் கடைசி வாரத்தில் புத்தளத்துக்கு அனுப்பினார்கள். ஆலங்குடாப் பக்கத்து வெயிலில் நோன்போடு வாளி இழுத்து, போத்தல்களில் தண்ணீர் பிடித்து, உப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டு மாலையில் வேனில் ஏறும்போது பேசக்கூட நாக்கு எழாது.

ஆனாலும் நான் முணுமுணுக்கவில்லை. புத்தளம் என்றால் எனக்கு உயிர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் விரட்டப்பட்டபோது என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிவந்து இந்த ஊர்த் தில்லையடியில் ஓலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலில் கிடத்தினார்கள். கொழும்பில் வேலை கிடைக்கும்வரை நான் வேறெங்கும் வாழவில்லை. போர் முடிந்ததும் உம்மாவும் வாப்பாவும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினார்கள். அது அவர்களுடைய ஊர், போகட்டும். ஆனால் அகதி, அகதி என்று சொல்லிச் சொல்லியே என்னை இந்த ஊரிலிருந்து கிளப்பப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இருபத்தொன்பதாம் நோன்பைப் பாதிவழியில் திறந்துவிட்டு நாங்கள் நகரத்துக்குள் நுழைந்தபோது, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பிறை கண்ட செய்தி வந்தது. எங்கேயோ பட்டாசு வெடித்தது. எனக்குக் களைப்பெல்லாம் பறந்துவிட்டது.

எங்கள் பொறுப்பாளர் கொழும்புத் தமிழர். நல்ல மனிதர்தான். ஆனால் அச்சடித்த கலண்டரைப் பார்த்துத்தான் வேலை நாட்களைப் போட்டிருந்தார். அதில் பெருநாள் ஒருநாள் தள்ளிச் சிவப்பில் இருந்தது.

"நாளைக்குக் காலையில இங்க பக்கத்துக் கரைத்தீவு. அதுக்கு அடுத்த நாள் உங்களுக்கு லீவு," என்றார்.

"சேர், பிறை கண்டாச்சு. நாளைக்குத்தான் பெருநாள்."

"கலண்டர்ல அப்படி இல்லையே."

"பிறை உங்கட கலண்டரப் பாத்துட்டு வாறதில்ல சேர்."

சாரதி சிரிப்பை அடக்க இருமினார். பொறுப்பாளரின் முகம் சுருங்கியது. "உங்கட வீட்டாக்கள் யாழ்ப்பாணத்தில எண்டுதானே சொன்னீங்க? இங்க உங்களுக்கு வீடுகூட இல்ல. வேலைக்கு வந்த இடத்தில என்ன பெருநாள்?"

சுருக்கென்றது. வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது. "வேன நிப்பாட்டுங்க நானா," என்று சாரதியை அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

"இறங்கினா நான் மேல அறிவிக்க வேண்டி வரும்."

"அறிவியுங்க சேர்."

பஸாரில் கால் வைக்க இடமில்லை. களப்புக் காற்று உப்போடு வீசியது. நெரிசலின் நடுவே இரண்டு கழுதைகள் தெருவைத் தங்கள் பேரில் எழுதி வாங்கியது போல நின்றன. ஹோர்ன் அடித்தவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நானும் யாருக்கும் வழிவிடும் எண்ணத்தில் இல்லை. தேவையே இல்லாமல் வளையல் வாங்கினேன். பேரம் பேசுவதற்காகவே பேரம் பேசினேன். தில்லையடியில் என்னோடு படித்த சிநேகிதியின் வீட்டுக் கதவைத் தட்டியபோது, "வந்துட்டியா? கையக் காட்டு," என்று மருதோண்டிக் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று கேட்கவேயில்லை.

மறுநாள் தொழுகை முடிந்து, சிநேகிதி வீட்டுப் பெண்களோடு ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து, அந்தப் பெரிய தட்டிலிருந்து பிரியாணியை அள்ளிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. பொறுப்பாளர் கரைத்தீவிலிருந்து பேசினார். பிடிவாதமாகப் போயே விட்டார்!

"இங்க ஒருத்தரும் கிணத்தடிக்கு விடுறாங்க இல்ல. வீட்டுக்கு வீடு கூப்பிட்டு இருத்தி வட்டிலாப்பம் தாறாங்க. என்ன செய்றது?"

"சாப்பிடுங்க சேர். தண்ணி எங்கயும் ஓடாது."

சொல்லிவிட்டு நிம்மதியாக அடுத்த கவளத்தை உருட்டினேன். அன்று போல நான் எந்தப் பெருநாளிலும் சாப்பிட்டதில்லை.

கொழும்புக்குத் திரும்பியதும் பொறுப்பாளர் என்னைத் தனது அறைக்குக் கூப்பிட்டார். கோபம் தணிந்திருந்தது, ஆனால் விதிமுறை தணியவில்லை.

"தங்கட ஊருக்குப் போறவங்களுக்குத்தான் பெருநாளுக்கு மேலதிக லீவு தரலாம். நீங்க வேலைக்குப் போன இடத்திலயே நிண்டுட்டீங்க. இத நான் மேல எப்படிச் சொல்றது?"

"உள்ளதச் சொல்லுங்க சேர். நீங்க வேலைக்குப் போனீங்க. நான் ஊருக்குப் போனன்."