பச்சைச் சீட்டு எலிகள்

எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அவளை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கூண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷம் மரத்தூள் மாற்றியவள். எந்த எலி எந்தக் காலை இழுக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி.

இப்போது இருப்பவை நடுக்குவாதம் வரவழைக்கப்பட்ட எலிகள். பச்சைச் சீட்டு ஒட்டிய கூண்டுகளுக்கு ஒரு ஊசி, மஞ்சளுக்கு வேறொன்று. ஒன்று புது மருந்து, மற்றது வெறும் உப்புத் தண்ணீர். எது எதென்பது ஒட்டிய கவருக்குள் இருந்தது. பிறகு சுழலும் உருளையில் ஏற்றி, விழும்வரை நேரம் பார்ப்பார்கள். பச்சை ஒரு நிமிஷம் தாக்குப்பிடித்தது. மஞ்சள் பத்து நொடியில் பொத்தென்று விழுந்தது.

"பச்சைதான் மருந்து, அக்கா! உங்க வீட்டுக்காரர் மறுபடி பஸ் ஓட்டப்போறார்" என்றான் டெக்னீஷியன்.

அவள் கணவருக்கும் அதே நோய். ஸ்டியரிங்கை விட்டு இரண்டு வருஷமாகிறது. அவள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததுமே, "பச்சை எப்படி?" என்பார்.

அவளுக்கோ மனசு ஒப்பவில்லை. கூண்டுக்குள் பச்சையும் மஞ்சளும் ஒரே மாதிரிதான் காலை இழுத்தன. உருளையில் மட்டும் எங்கிருந்து வந்தது இந்த வீரம்? டெக்னீஷியன் எதையாவது மாற்றி எழுதுகிறானோ? தரையைத் துடைக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்று நோட்டம் விட்டாள். நேரத்தை ஒழுங்காகத்தான் எழுதினான். ஆனால் தினமும் பச்சைக்கே முதல் முறை. பச்சை எலிகள் இறங்கியதும் ஈரத்துணியால் உருளையைத் துடைத்தான். மஞ்சளின் முறை வரும்போது அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். வழவழவென்றிருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வீட்டில் ஒரு மனிதர் நம்பிக்கையோடு தூங்குவார். இரண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தாள். மூன்றாம் நாள் ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவிடம் போனாள்.

"மேடம், நாளைக்கு மஞ்சளை முதல்ல ஏத்திப் பாருங்க."

ஏற்றினார்கள். மஞ்சள் ஒரு நிமிஷம் ஓடியது. பச்சை வழுக்கி விழுந்தது. டாக்டரம்மா மூன்று மாதக் கணக்கையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

"மருந்து கேக்குதா இல்லையான்னே தெரியலைங்க. முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றாள் வீட்டில்.

"உன்ன யாரு கேட்டா? வேலையப் பாத்துட்டு வர வேண்டியதுதானே?" என்றார் அவர்.

"ஈர உருளைய நம்பி உங்களுக்கு ஊசி போடச் சொல்றீங்களா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும் அவரே கேட்டார்:

"இனிமே எந்த எலி முதல்ல?"

"தினமும் சீட்டுக் குலுக்கித்தான்."

"குலுக்கறது யாரு, அந்த டெக்னீஷியனா?"

"நான்தான்."

"துடைக்கறது?"

"காயற வரைக்கும் நானே பக்கத்துல நிப்பேன்."

"நில்லு" என்றார், அவளையும் நம்பாதவர்போல.