எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கு, ரத்தம் கொடுக்க

கொரோனாவின் இரண்டாவது அலையில் நானும் என் மனைவி மல்லிகாவும் ஒன்றாக நோயில் படுத்தோம். எனக்கு வெறும் காய்ச்சல். அவளுக்கு ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று. அவள் வார்டில் கிடந்தபோதுதான் புளியந்தோப்பில் எங்கள் மகள் பிரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீடு திரும்பி மாதங்கள் ஆகியும் மல்லிகா பேத்தியைத் தொடவில்லை. போவாள், வாசலில் நின்று பார்ப்பாள், வந்துவிடுவாள். குணமானவர்களை ஆராயும் ஒரு குழு எங்களை அவ்வப்போது ராயபுரத்தில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தது. நோய் போயிருந்தால் எதற்கு எடுக்கிறார்கள் என்பது அவள் பயம். நான் சொன்னால் கேட்பாளா?

சென்ற வெள்ளிக்கிழமை கடைசி முறை. எண்ணூரில் காலை 8.10க்கு ஏறினோம், டிக்கெட் ஆளுக்கு ஐந்து ரூபாய். பீச் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். சென்ட்ரல் வண்டி கொருக்குப்பேட்டையில் பிரிந்துவிடும், ராயபுரம் வராது. திருவொற்றியூரில் கூட்டம் நெருக்கியது. மல்லிகா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். ஸ்டேஷனிலிருந்து மருத்துவமனை ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. அவளுக்கு மூச்சு வாங்கியதால் நடுவில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம்.

ரத்தம் எடுத்து முடித்ததும் அங்கிருந்த இளம் டாக்டரிடம் மல்லிகாவே கேட்டுவிட்டாள்.

"ஒடம்ப வுட்டு அது இன்னும் போவலியாம்மா? இல்லாங்காட்டி எதுக்கு எடுத்துகினே கீறீங்க?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "நாங்க தேடுறது வைரஸ் இல்லம்மா. அதை எதிர்த்து உங்க உடம்பு செஞ்ச ஆன்டிபாடி."

கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினார். வைரஸின் புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வைத்து, முன்பு எடுத்த இவள் ரத்தத்தை ஒவ்வொன்றோடும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஆன்டிபாடி பிடித்துக்கொண்ட துண்டுகள் மட்டும் சிவப்பாகத் தெரிந்தன. என் படத்தைவிட அவளுடையதில் சிவப்பு அதிகம். திரும்ப வரவே வராது என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் பழைய நோய் எப்போதோ போய்விட்டது என்றார்.

"அப்ப கொயந்தையத் தூக்கலாமா?"

"தாராளமா."

மல்லிகா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெளியே வந்ததும் வீட்டுக்கு வேண்டாம், புளியந்தோப்புக்கு ஆட்டோ பிடி என்றாள். நூற்றைம்பது ரூபாய்க்குப் பேரம்கூடப் பேசவிடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்தா வருகிறீர்கள் என்று டிரைவர் விசாரித்தபோது, "அல்லாம் நல்லா கீது நைனா, பேத்தியப் பாக்கப் போறோம்" என்றாள்.

பிரியா இருப்பது ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி. மெதுவாக ஏறி, கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மல்லிகா குழந்தையை வாங்கினாள். அது அவள் மாஸ்க்கைப் பிடித்து இழுத்தது. பிரியா அழ ஆரம்பித்துவிட்டாள்.

இப்படி ரத்தம் கொடுக்கப் போகிறவர்களுக்கு: சாப்பிட்டுவிட்டுப் போங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், நடக்க முடியாதவர்களுக்கு ஸ்டேஷன் வாசலிலேயே ஷேர் ஆட்டோ கிடைக்கும். எதற்காக எடுக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பொறுமையாகத்தான் சொல்கிறார்கள்.

இரண்டு நாளில் வருவதாகச் சொன்ன மல்லிகா இன்னும் மகள் வீட்டில்தான் இருக்கிறாள். நான் இங்கே ரசம் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு குறையும் இல்லை.